ஓர் ஈயும் இரு மரங்களும்

1991ஆம் ஆண்டு. மேல்நிலை வகுப்பு ஒன்றில் உயிரினங்களின் மாற்றத்தைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஓர் இனம் காலப்போக்கில் இரண்டு இனங்களாகப் பிரியக்கூடும் என்று கூறிக் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, அதன் நுனியை இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அப்படிப் பிரிவதை யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டான்.

"அதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மனிதனுடைய ஆயுள் அதற்குப் போதாது. உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். நானும் அடுத்த பத்திக்குச் சென்றுவிட்டேன்.

நான் அன்று கூறிய விடை தவறானது. அவன் கேட்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1988ஆம் ஆண்டில், அவனுடைய வினாவுக்கு விடையின் ஒரு பகுதி அச்சாகி வெளிவந்திருந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதை நான் படித்தறிந்தேன். அன்று வகுப்பில் கொடுக்கத் தவறிய விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன். அந்த விடை ஓர் ஈயின் வரலாறு.

அது நம் நாட்டு ஈ அன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. ராகோலெட்டிஸ் பொமோனெல்லா என்பது அதன் அறிவியற் பெயர். ஆப்பிள் தோட்டக்காரர்கள் அதனை ஆப்பிள் புழு என்றே வழங்குவர். வீட்டு ஈயைவிடச் சற்றுச் சிறியது, கருநிற உடல், முதுகில் ஒரு வெண்புள்ளி, கண்ணாடி போன்ற சிறகுகளில் கரும்பட்டைகள். நீங்கள் மரபியல் பாடத்தில் படிக்கும் டுரோசாபிலாவையும் பழ ஈ என்றுதான் கூறுகிறோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. டுரோசாபிலாவில் பெரும்பாலானவை கனிந்து அழுகும் பழத்தை நாடுகின்றன. நாம் பேசும் ஈயோ, மரத்தில் தொங்கும் நல்ல பழத்தையே துளைக்கிறது. ஆகவே அது தோட்டக்காரனுக்குப் பகை.

அதன் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பின்னால் வருவன யாவும் இதனைப் பொறுத்தே விளங்கும். கோடையில் பெண் ஈ பழத்தின் தோலைத் துளைத்து, அதனடியில் முட்டையிடுகிறது. முட்டையிட்டபின் பழத்தின் மேல் ஒரு மணப்பொருளைத் தடவிச் செல்கிறது. 'இந்த இடம் நிரம்பிவிட்டது' என்று மற்றப் பெண் ஈக்களுக்கு அறிவிப்பது போன்றது அது. முட்டையிலிருந்து வரும் புழு பழத்தின் சதையைக் குடைந்து தின்கிறது. பழம் உதிரும்போது புழுவும் தரைக்கு வந்து, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. குளிர்காலம் முழுவதும் அங்கே உறங்கிக் கிடந்து, அடுத்த கோடையில் ஈயாக வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. வெளிவந்த ஈ ஏறக்குறைய ஒரு மாதமே வாழும். அதற்குள் பழத்தைக் கண்டறிந்து, துணையைத் தேடி, முட்டையிட்டாக வேண்டும்.

அந்த ஈக்குத் தொன்றுதொட்டு உணவளித்து வந்த மரம் ஆப்பிள் அன்று. ஹாதார்ன் என்னும் முள்மரம். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம் அது. நம் இலந்தையைப் போல் சிறிய, சிவந்த பழங்களைத் தருவது. அமெரிக்கக் காடுகளில் அம்மரம் இயல்பாகவே வளர்கிறது. ஆப்பிளோ அந்த மண்ணுக்குப் புதிது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் அதனைக் கொண்டுசென்று நட்டார்கள். ஆண்டுகள் பல கழிந்தன. முள்மரம் வேலியோரத்தில் நின்றது. ஆப்பிள் தோட்டத்தில் நின்றது. ஈ முள்மரத்தோடேயே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தோட்டங்களில், ஆப்பிளை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே பழுப்பு நிறச் சுரங்கங்களைக் கண்டார்கள். 1860களில் இக்கேடு நன்கு அறியப்பட்டதாயிற்று. பெஞ்சமின் வால்ஷ் என்பவர் 1867ஆம் ஆண்டில் அந்த ஈயை விவரித்து அதற்குப் பெயரிட்டார். வால்ஷ் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கல்வி கற்று, அமெரிக்காவில் குடியேறி உழவு செய்து, பின்னர்ப் பூச்சி நூலில் புகழ்பெற்றவர். டார்வினோடு கடிதப் போக்குவரத்தும் உடையவர்.

வால்ஷ் கண்ட செய்தி சிறியது, ஆனால் கூர்மையானது. தாம் வாழ்ந்த இலினாய் மாநிலத்தில் இந்த ஈ ஹாதார்ன் பழங்களில் இருந்தது, ஆப்பிளிலோ இல்லை. கிழக்கு மாநிலங்களில் அதே ஈ ஆப்பிளைத் தாக்கியது. அங்கே ஹாதார்னிலிருந்து ஒரு பகுதி ஈக்கள் ஆப்பிளுக்கு மாறியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஒரே இடத்தில் வாழும் பூச்சிகளில் ஒரு பகுதி புதியதொரு செடிக்கு மாறுமானால், நாளடைவில் அப்பகுதி தனி இனமாகவே ஆகக்கூடும் என்னும் கருத்தையும் 1864ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். 1869இல் அவர் மறைந்தார். அவருடைய கருத்து நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாகவே கிடந்தது.

ஏன் ஐயுற்றார்கள்? காரணம் வலுவானது. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அவற்றுக்கிடையே ஒரு தடை வேண்டும். ஒரு மலை எழலாம்; கடல் புகலாம்; பாலைவனம் குறுக்கிடலாம். தடையின் இருபுறமும் வாழ்பவை ஒன்றோடொன்று கலக்க முடியாமையால், தனித்தனி வழியில் மாறிச் செல்லும். தடையே இல்லாமல் அடுத்தடுத்த மரங்களில் வாழும் ஈக்கள் எவ்வாறு பிரியும்? இன்று சிறிது வேறுபட்டாலும், நாளை கலந்து ஒன்றாகிவிடுமே! ஒரே குளத்துக்குள் இரண்டு நிற நீரை வேறு வேறாக வைத்திருக்க இயலுமா? எர்ன்ஸ்ட் மையர் என்னும் பேரறிஞர் 1942இலும் 1963இலும் வெளியிட்ட நூல்களில் இவ்வாதத்தை மிகத் திறம்பட எடுத்துரைத்தார். உயிரியலார் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டனர். 1960களில் கய் புஷ் என்னும் இளைஞர் இந்த ஈயையும் அதன் உறவினங்களையும் விரிவாக ஆராய்ந்து, வால்ஷின் பழைய கருத்தே சரியெனத் தோன்றுகிறது என்று வாதிட்டார். வாதத்துக்கு வாதம் இருந்தது. சான்றுதான் வேண்டியிருந்தது.

சான்றை எங்கே தேடுவது? இரு மரத்து ஈக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இங்கேதான் இன்றைய பேச்சின் உயிர்நிலை இருக்கிறது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடைமீது நின்று பார்த்தால், ஒரே சீருடையில் அறுநூறு பிள்ளைகள் நிற்பது தெரியும். யாவரும் ஒருவர் போலவே தோன்றுவர். மேடையை விட்டு இறங்கி வரிசைகளுக்குள் நடந்தால்தான், ஒருவன் இடக்கையன், ஒருத்திக்குச் சுருள்முடி, இன்னொருவனுக்குத் தூரப் பார்வை குறைவு என்று தெரியவரும். இயற்கையில் வாழும் ஒரு பூச்சிக் கூட்டமும் அத்தகையதே. வெளித்தோற்றம் சீருடை. உள்ளே இருக்கும் மரபணுக்களில் ஈக்கு ஈ வேறுபாடு உண்டு. ஒவ்வோர் ஈயும் பெரும்பாலான மரபணுக்களைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரட்டையாகப் பெறுகிறது. ஒரே மரபணுவுக்குச் சிறு சிறு வேறுபாடுடைய வடிவங்கள் பல இருக்கக்கூடும். எந்த வடிவம் எந்த ஈயிடம் இருக்கிறது என்பதே மரபு வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டை அளந்தறியும் வழி 1966ஆம் ஆண்டில் பரவலாயிற்று. ரிச்சர்ட் லெவான்டின், ஜான் ஹப்பி என்னும் இருவர் சிகாகோவில் டுரோசாபிலா இனமொன்றில் அதைச் செய்து காட்டினர். ஈயை நசுக்கி, அதன் சாற்றைக் கட்டியான கூழ்ப் பலகை ஒன்றின் ஓரத்தில் வைத்து மின்சாரத்தைச் செலுத்துவர். சாற்றிலுள்ள புரதங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கேற்ப விரைவாகவோ மெதுவாகவோ நகரும். மரபணுவின் வடிவம் மாறினால் அது உண்டாக்கும் நொதியின் மின்னேற்றமும் மாறக்கூடும். அப்போது அந்நொதி வேறோர் இடத்தில் போய் நிற்கும். சாயம் ஊற்றினால் அந்த இடத்தில் ஒரு பட்டை தெரியும். அவர்கள் ஆராய்ந்த பதினெட்டு மரபணுக்களில், ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருந்தன. பலர் எதிர்பாராத அளவு அது. ஒவ்வொரு காட்டுக் கூட்டமும் இவ்வளவு வேறுபாட்டைத் தனக்குள் மறைத்து வைத்திருக்கிறது என்பது அதற்கு முன் தெளிவாகத் தெரியாது.

இம்முறையைக் கொண்டுதான் ஆப்பிள் ஈயின் வழக்கு விசாரிக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்களின் கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. ஒரு குழுவில் ஜெஃப்ரி ஃபெடர் என்னும் மாணவரும் அவருடைய ஆசிரியரான கய் புஷ்ஷும் இருந்தனர். ஒரே வட்டாரத்தில் ஆப்பிளிலிருந்தும் ஹாதார்னிலிருந்தும் ஈக்களைத் திரட்டி, நொதிகளை ஒப்பிட்டனர். ஆறு மரபணுக்களில் இரு மரத்து ஈக்களும் வேறுபட்டன.

வேறுபாடு எத்தகையது என்பதைப் பிழையில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் ஈயிடம் ஒரு வடிவமும் ஹாதார்ன் ஈயிடம் முற்றிலும் வேறொரு வடிவமும் இருந்தன என்பது இதன் பொருளன்று. இரண்டு பைகளில் குன்றிமணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சிவப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. ஆனால் ஒரு பையில் சிவப்பு மிகுதி. மற்றதில் வெள்ளை மிகுதி. ஒரு மணியை மட்டும் எடுத்துக்காட்டி, 'இஃது எந்தப் பைக்கு உரியது?' என்றால் உறுதியாகக் கூற முடியாது. நூறு மணிகளை அள்ளிக் காட்டினால் கூறிவிடலாம். இந்த ஈக்களும் அப்படியே. தனி ஓர் ஈயைப் பார்த்து அதன் மரத்தைச் சொல்வது அரிது. கூட்டத்தைப் பார்த்தால் சொல்லலாம். வேறுபாடு விகிதத்தில் இருக்கிறது. ஆப்பிள் தோட்டத்து ஈக்கள் முள்மரத்து ஈக்களினின்று பிரிந்து நடக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அந்த விகிதமே சான்று.

ஆயினும் மையரின் வினா இன்னும் நிற்கிறது. இரண்டும் கலந்து மீண்டும் ஒன்றாகிவிடாமல் தடுப்பது எது? மிச்சிகன் மாநிலத்தில் இரு மரங்களும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு நிலத்தில் ஈக்களை அடையாளமிட்டு விட்டு ஃபெடரும் பிறரும் ஆராய்ந்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். தலைமுறைக்கு நூற்றுக்கு ஆறு அளவில் ஈக்கள் மரம் மாறிக் கலந்தன. ஆறு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுதோறும் இவ்வளவு கலப்பு நிகழ்ந்தால், வேறெதுவும் குறுக்கிடாதபோது, சில பத்துத் தலைமுறைகளில் இரு பைகளின் விகிதங்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆப்பிளுக்கு மாறியது நூற்றைம்பது தலைமுறைகளுக்கு முன்பு. வேறுபாடோ இன்றும் நிற்கிறது. ஆகவே கலப்பு அழிப்பதை ஏதோ ஒன்று ஆண்டுதோறும் மீண்டும் உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்றைத் தேடிச் சென்றபோது மூன்று செய்திகள் வெளியாயின.

முதலாவது, இந்த ஈக்கள் இணைசேரும் இடம். ஆண் ஈக்கள் பழத்தின் மீதோ பழத்தின் அருகிலோ காத்திருக்கின்றன. பெண் ஈக்கள் முட்டையிடப் பழத்தைத் தேடி அங்கே வருகின்றன. ஆதலால் எந்தப் பழத்தை விரும்புவது என்பதே எந்தத் துணையை அடைவது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. மலையும் கடலும் செய்யும் வேலையில் பெரும்பங்கை இங்கே விருப்பம் செய்துவிடுகிறது.

இரண்டாவது, அவ்விருப்பத்துக்கு அடிப்படையான மணம். பழுத்த ஆப்பிளின் மணத்துக்குக் காரணமான பொருள்களைத் தனியே பிரித்தெடுத்துக் கலந்தும், ஹாதார்ன் மணத்தை அவ்வாறே கலந்தும், காற்று வீசும் நீண்ட கூண்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். ஆப்பிள் ஈக்கள் ஆப்பிளின் மணத்தை நாடிக் காற்றை எதிர்த்துப் பறந்தன. ஹாதார்ன் ஈக்கள் தம் மணத்தை நாடின. 2003இல் இந்த ஆய்வு வெளிவந்தது. மற்ற மரத்தின் மணத்தை விட்டு விலகும் இயல்பும் அவற்றுக்கு உண்டு என்பது அதன்பின் தெரிந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஒரு பூச்சிக் கூட்டத்தின் மூக்கே மாறிவிட்டது எனலாம்.

மூன்றாவது, காலம். இதுவே எனக்கு மிகவும் வியப்பளிப்பது. ஆப்பிள், ஹாதார்னைவிட ஏறக்குறைய மூன்று வாரம் முந்திப் பழுக்கிறது. மூன்று வாரம் நமக்குப் பெரிதன்று. ஒரு மாதமே வாழும் ஈக்கு அது வாழ்நாளில் பெரும்பகுதி. ஆகவே ஆப்பிளை நம்பிய ஈ முந்தியே மண்ணைவிட்டு வெளிவர வேண்டும். அதோடு மற்றொரு நெருக்கடியும் உண்டு. ஆப்பிள் முந்தி உதிர்வதால் அதிலுள்ள புழு முந்தியே மண்ணுக்குள் சென்றுவிடுகிறது. அப்போது குளிர்காலம் தொலைவில் இருக்கிறது. மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெப்பத்தை வசந்தத்தின் வெப்பமென்று மயங்கி உறக்கத்தைக் கலைத்துக்கொண்டால், வெளியே வரும் ஈக்குப் பழமும் கிடையாது. சில வாரங்களில் கடுங்குளிர் வந்து கொன்றுவிடும். எனவே ஆப்பிளில் வளரும் புழுவுக்கு ஆழ்ந்து உறங்கும் இயல்பு வேண்டும். ஹாதார்னில் வளரும் புழு பிந்திச் செல்வதால், அதற்கு அந்த அளவுக்குத் தேவையில்லை.

இது வெறும் ஊகமன்று என்பதை ஒரு சோதனை காட்டியது. ஹாதார்ன் ஈயின் கூட்டுப்புழுக்களையே எடுத்து, ஒரு பகுதியைக் குளிருக்கு முன் 7 நாள் மட்டும் வெப்பத்தில் வைத்தனர்; மற்றொரு பகுதியை, ஆப்பிள் ஈக்கு நேர்வது போல், 32 நாள் வைத்தனர். பின் இரண்டுக்கும் செயற்கைக் குளிர்காலம் தந்து, பிழைத்தவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தனர். நீண்ட வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்தவற்றில் மரபணு வடிவங்களின் விகிதம் மாறியிருந்தது. அதுவும் ஆப்பிள் ஈக்களின் விகிதத்தை நோக்கி மாறியிருந்தது. 1997இல் சில நொதிகளைக் கொண்டு கண்ட இம்முடிவை, 2015இல் மரபுப் பொருள் முழுவதிலும் பல்லாயிரம் இடங்களை ஆராய்ந்து உறுதிப்படுத்தினர். ஒரே தலைமுறையில், ஒரே சோதனையில், முள்மரத்து ஈக்களின் கூட்டம் ஆப்பிள் மரத்து ஈக்களின் சாயலைப் பெற்றது. சோதனைச்சாலையில் செய்ததை ஒவ்வோர் ஆண்டும் தோட்டத்து மண் தானே செய்துகொண்டிருக்கிறது. கலப்பு அழிப்பதை மீண்டும் உண்டாக்குவது இதுவே.

இச்சோதனையில் உள்ள ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? நீண்ட வெப்பம், ஆழ்ந்து உறங்கும் இயல்பைப் புதிதாக உண்டாக்கவில்லை. அவ்வியல்பைத் தரும் மரபணு வடிவங்கள் முள்மரத்து ஈக்களுள் சிலவற்றிடம் முன்பே இருந்தன. வெப்பம் மற்றவற்றை நீக்கிவிட்டு அவற்றை மட்டும் நிறுத்தியது. தேவை வந்தபின் வேறுபாடு பிறந்தது என்று மாணவர்கள் தேர்வில் எழுதுவதுண்டு. ஆசிரியர்களாகிய நாங்களும் அவ்வாறு சொல்லி விடுவதுண்டு. உண்மை அதன் மறுதலை. வேறுபாடு முன்பே இருக்கிறது. தேவை வரும்போது அது பயன்படுகிறது.

அப்படியானால் அந்தப் பழைய வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2003ஆம் ஆண்டில் இதற்கும் ஒரு விடை கிடைத்தது. உறக்கத்தின் ஆழத்தையும் காலத்தையும் பாதிக்கும் மரபணுக்களிற் பல, குரோமோசோம்களில் தலைகீழாகத் திரும்பிய சில துண்டுகளில் சேர்ந்து இருக்கின்றன. அத்துண்டுகளின் வரலாற்றைத் தேடியபோது, அது மெக்சிகோவின் மேட்டுநிலங்களுக்கு அழைத்துச் சென்றது. அங்கும் இந்த ஈ ஹாதார்ன் மரங்களில் வாழ்கிறது. ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ ஈக்களும் வடபகுதி ஈக்களும் பிரிந்து தனித்து வாழ்ந்தன. பின்னர் மீண்டும் தொடர்பு கொண்டபோது, தெற்கிலிருந்து இத்துண்டுகள் வடக்கே வந்து கலந்தன என்று ஃபெடரும் அவர் தோழர்களும் முடிவு செய்தனர். அவை வடக்கு ஈக்களுக்குள் நெடுங்காலம் தங்கியிருந்தன. பிறகு ஒருநாள் மனிதன் கப்பலில் ஆப்பிளைக் கொண்டுவந்தான். மூன்று வாரம் முந்திப் பழுக்கும் அந்தப் புதிய பழத்துக்கு, அந்தப் பழைய சேமிப்பு உதவிற்று.

இதனால் மையர் கூறியதும் முற்றும் பொய்யாகிவிடவில்லை. தொலைவிலே, நெடுங்காலத்துக்கு முன்னே, நிலத்தால் ஏற்பட்ட ஒரு பிரிவு மூலப்பொருளைத் தந்தது. வால்ஷ் கருதியதும் மெய்யாயிற்று. அடுத்தடுத்த மரங்களிலேயே பிரிவு நிகழ்ந்தது. அறிஞர் இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருவரே முழுதும் வென்றாக வேண்டும் என்பதில்லை.

பிரிவு ஈக்களோடு நின்றதா எனில், அதுவும் இல்லை. இந்தப் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றைத் தின்று வளரும் சிறு குளவி ஒன்று உண்டு. ஈ ஆப்பிளுக்கு மாறியபின், அதைத் தொடர்ந்து குளவிகளில் ஒரு பகுதியும் ஆப்பிளுக்கு வந்தது. அக்குளவிகளும் மணத்தாலும் காலத்தாலும் மரபணுக்களாலும் பிரிந்துவருகின்றன என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு மரம் வந்தது. ஒரு பூச்சி பிரியத் தொடங்கிற்று. அப்பூச்சியின் பகையும் உடன் பிரியத் தொடங்கிற்று.

வேளாண்மை பயிலும் மாணவர்கள் சிலர், 'இவையெல்லாம் அறிஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். தோட்டக்காரனுக்கு என்ன பயன்?' என்று கேட்கக்கூடும். பயன் உண்டு. பழத்தின் நிறத்தையும் மணத்தையும் நாடியே ஈ வருகிறது என்று அறிந்தமையால், ஒட்டும் பசை தடவிய செந்நிற உருண்டைகளை மரத்தில் தொங்கவிட்டு அதனைப் பிடிக்கும் முறையை ரொனால்ட் புரோகபி என்பவர் வகுத்தார். ஈ எப்போது வெளிவரும் என்பதை அறிந்தால்தான் மருந்தும் பொறியும் உரிய நாளில் பயன்படும். அந்த நாளோ மரத்துக்கு மரம் வேறு, வடக்குக்கும் தெற்குக்கும் வேறு.

பெரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கிழக்கே மட்டும் இருந்த இந்த ஈ, 1979ஆம் ஆண்டில் மேற்குக் கரையில், ஆரகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரப் பகுதியில் காணப்பட்டது. அடுத்துள்ள வாஷிங்டன் மாநிலமோ அமெரிக்காவில் ஆப்பிள் விளைவில் முதலிடம் பெற்றது. வீட்டுத் தோட்டத்துப் பழங்களைக் காப்புப் பகுதிக்குள் கொண்டுவரலாகாது என்று அங்கே சட்டமும் சாலையோர அறிவிப்பும் உண்டு. ஓர் ஆப்பிளுக்கு இத்தனை கட்டுப்பாடா என்று வழிப்போக்கர் நினைக்கலாம். அந்தப் பழத்துக்குள் புழு மட்டும் செல்வதில்லை. தன் இனத்தின் மரபுச் சேமிப்பில் ஒரு பங்கையும் அது சுமந்து செல்கிறது. புதிய வெப்பநிலை, புதிய மரம், புதிய மருந்து எது வந்தாலும், அதற்கு ஈடு கொடுக்கும் வடிவம் அச்சேமிப்பில் இருந்துவிடக்கூடும். டி.டி.டி. மருந்தை உலகமே வெற்றியாகக் கொண்டாடிய 1940களின் இறுதியிலேயே, அம்மருந்துக்குச் சாகாத வீட்டு ஈக்கள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. பூச்சியை ஒரே அச்சில் வார்த்த பொருளாக எண்ணி ஒரே கருவியை ஓயாமல் பயன்படுத்துபவன், அக்கருவிக்குத் தப்பியவற்றைத் தானே தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறான்.

இனி அந்த மாணவனுடைய வினாவுக்கு வருகிறேன். ஓர் இனம் இரண்டாகப் பிரிவதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிரிவு முடிந்துவிடவில்லை. ஆப்பிள் ஈயும் ஹாதார்ன் ஈயும் இன்றும் ஒரே பெயரால்தான் வழங்கப்படுகின்றன. இரண்டும் கூடினால் வளமான குஞ்சுகள் பிறக்கின்றன. ஒன்றென்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபட்டும், இரண்டென்று சொல்ல முடியாத அளவுக்குக் கலந்தும் அவை நிற்கின்றன. நாளை அவை முற்றும் பிரியலாம். தோட்டங்கள் அழிந்தால் மீண்டும் ஒன்றாகவும் ஆகலாம். நான் கரும்பலகையில் வரைந்த கோடு ஒரே இடத்தில் சட்டெனப் பிளந்தது. இயற்கை அப்படி வரைவதில்லை. அந்தக் கோட்டைச் சுண்ணாம்புக்கட்டியின் முனையால் அல்லாமல் அதன் பக்கவாட்டால் வரைந்திருக்க வேண்டும். பிரியும் இடத்தில் அது நெடுந்தூரம் மங்கலாக இருந்திருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பாடநூலில் ஓர் ஈயின் படம் இருக்கும். அதன் கீழே ஒரு பெயர் இருக்கும். அந்தப் படம் எந்த ஓர் ஈயையும் முழுவதும் காட்டுவதன்று. ஆயிரம் ஈக்களுக்குப் பொதுவாக வரைந்தது. உயிரியலின் பெரிய செய்திகள் அந்தப் படத்துக்கும் உயிருள்ள ஈக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் கிடக்கின்றன. அவ்வேறுபாட்டைக் குறையென்று ஒதுக்காதீர்கள், கணக்கெடுங்கள். உங்கள் வினாவுக்கு ஆசிரியர் 'உட்கார்' என்றால், மரியாதையோடு உட்காருங்கள். ஆனால் வினாவை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, நான் அறியேன். ஐம்பதை நெருங்கியிருப்பான். இந்தப் பேச்சு அவன் செவிக்கு எட்டுமானால், தன் வினா நல்ல வினா என்பதை அவன் அறியட்டும். அன்றே அவனிடம் நான் கூறியிருக்க வேண்டியது, "எனக்குத் தெரியவில்லை, இருவரும் தேடிப் பார்ப்போம்" என்பதுதான்.